கண் திறந்த விமானம்

நார்த்தாமலைக்குக் கிழக்கே உள்ள அந்த ஊரில் செவந்தியை ‘ஏரோப்ளேன்காரி’ என்பார்கள். முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் மட்டும் யாருக்கும் வந்ததில்லை.

அவளுக்கு ராமு, சின்னழகு என்று இரண்டு பிள்ளைகள். ஐயனாருக்குப் புரவி எடுக்கும் நாளில், எந்தத் தெருவின் மண்குதிரை முன்னால் போவது என்று தகராறு. முன்னால் போனால் என்ன, பின்னால் போனால் என்ன, ஐயனாரா கேட்டார்? தெற்குத் தெருவில் பிச்சை என்பவன் வீசிய அருவாளில் ராமுவின் கழுத்து பாதி போயிற்று. தடுக்க ஓடிய சின்னழகுக்கு வயிற்றில் வெட்டு. சரிந்த குடலைத் துண்டால் அமுக்கிப் பிடித்தபடி செவந்தி புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியில் போனாள். திருக்கோகர்ணம் தாண்டுவதற்குள் அவன் உடம்பு குளிர்ந்துவிட்டது.

பிச்சை ஜெயிலுக்குப் போனான், திரும்பியும் வந்தான். கல்யாணம் முடித்தான், பிள்ளையும் பெற்றான்.

செவந்தியின் புருஷன் சிவசாமி யுத்த காலத்தில் ராணுவ விமானங்களுக்கு மெக்கானிக்காக இருந்தவன். பிச்சை திரும்பி வந்த வருஷம் சிவசாமி பொட்டலில் கொட்டகை போட்டான். பழைய கார் இஞ்சின், மூங்கில், துணி இவற்றை வைத்து விமானம் கட்டத் தொடங்கினான். ஒரு இறக்கையில் ராமுவின் பெயர், மறு இறக்கையில் சின்னழகின் பெயர்.

“எம் புள்ளைகளுக்குக் காணிக்கை இது. புரவி எடுப்பன்னிக்கு ஊரை ஒரு சுத்துச் சுத்தி எறக்குவேன்” என்றான்.

ஊர் சிரித்தது. ஒருநாள் அது பொட்டலில் ஓடிப் பனை உயரம் எழும்பி இறங்கியதும் சிரிப்பு நின்றது. செவந்தி பூரித்துப்போனாள்.

புரவி எடுப்புக்கு முந்தின நாள் கஞ்சி கொண்டுபோனவள் விமானத்தின் இருக்கைக்கு அடியில் பார்த்தாள். பெட்ரோல் ஊற்றித் திரி செருகிய பாட்டில்கள்.

“என்னங்க இது?”

“பிச்சை வீட்டுக் கூரைக்கு.”

“உள்ள பச்சப்புள்ள கெடக்குதுங்க!”

“எம் புள்ளைக மண்ணுக்குள்ள கெடக்கலையா?”

ஒரு பாட்டிலைத் தூக்கிப் பாறையில் அடித்தாள். அவன் அறைந்த அறையில் பல் உடைந்தது. விழுந்தவளை மிதிக்கவும் செய்தான். பாட்டிலுக்கா ஊரில் பஞ்சம் என்றான்.

இவனைத் தூக்கில் போடுவார்கள், இல்லையென்றால் விமானத்தோடு விழுந்து சாவான். தனக்கென்று மிச்சம் இருப்பது இந்த ஒரு மனுஷன்தான். அவனையும் வாரிக்கொடுக்க அவளால் முடியாது. வாயில் ரத்தத்தோடு ஆத்மநாத வேளாரிடம் போனாள். மண்குதிரை செய்து கண் எழுதுகிறவர் அவர். கண் திறந்த குதிரை ஐயனாருக்குச் சொந்தம், பிறகு எந்த மனுஷனும் அதில் ஏறக்கூடாது.

“வேளாரே, அந்த ஏரோப்ளேனுக்கும் கண்ணைத் தொறந்து விடுங்க.”

“அது குதிரை இல்லையே ஆத்தா.”

“எம் புள்ளைக பேர்ல குடுக்குற காணிக்கை. வேறென்ன வேணும்?”

விடிந்து சிவசாமி வந்தபோது விமானத்தின் மூக்கில் இரண்டு பெரிய கண்கள். கழுத்தில் மாலை, மேலே சேவல் ரத்தம். அவன் வேளாரை நெஞ்சில் உதைத்துத் தள்ளிவிட்டுக் கோடரியைத் தூக்கினான். ஊரே சேர்ந்து அவனைப் புரட்டி எடுத்து வேப்பமரத்தில் கட்டியது. செவந்தி பார்த்துக்கொண்டு நின்றாள். அடி வாங்கட்டும், உயிரோடு இருக்கட்டும்.

ஒன்றை அவள் யோசிக்கவில்லை. கண் திறந்த புரவிக்கு எல்லாத் தெருவும் தோள் கொடுக்க வேண்டும். காணிக்கை கொடுத்தவன் முதல் தோள் என்று சிவசாமியை அவிழ்த்துவிட்டார்கள். அவன் சின்னழகின் பெயருக்குக் கீழே போய்த் தலைகுனிந்து நின்றான். தெற்குத் தெருவிலிருந்து பிச்சை வந்தான். ராமுவின் பெயருக்கு அடியில் தோளைக் கொடுத்தான்.

“தூக்குங்கப்பா” என்றான்.

வேலியில் போன ஓணானை அவளே எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாயிற்று. அவளுக்குக் கண் இருட்டியது. கிடா வெட்ட வைத்திருந்த அருவாள் எப்படிக் கைக்கு வந்ததென்று அவளுக்கே தெரியாது. முதல் வெட்டில் பிச்சையின் தோள் எலும்பு வெளியே தெரிந்தது. அலறி விழுந்தான். அடுத்ததைக் கழுத்துக்கு ஓங்கினாள்.

இறங்கிய அருவாளைச் சிவசாமி வெறுங்கையால் பிடித்துக்கொண்டான். விரல்கள் அறுபட்டு ரத்தம் முழங்கை வரை வழிந்தது.

“விடுடி! ஒன்னையும் குடுத்துட்டு நான் யாரோட இருப்பேன்?”

அவள் கை தளர்ந்தது. பிச்சையைக் கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். போலீஸ் வரும்வரை அவள் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

“பாவி, நான் யாரோட இருப்பேன்னு கேக்க வந்துதானே நேத்து ஒங்ககிட்ட மிதி வாங்குனேன்!”