பல்செட்டுக்காரர் வீட்டுக் கல்லறை

தெருவில் அவருக்குப் பெயர் பல்செட்டு. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது மின்சார ரசீதிலும், மனைவிக்குக் கோபம் வரும்போது அவள் வாயிலும் மட்டும் எட்டிப் பார்க்கும். மழைக்காலத்தில் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு ரசீதோடு சரி.

பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி, ரோஸ் நிற மெழுகில் ஈறு கட்டி, வரிசையாகப் பல் பொருத்தி, முகம் தெரியாத யாரோ ஒருவர் மறுபடி சிரிப்பதற்கு வேண்டியதையெல்லாம் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து செய்துகொடுப்பது அவர் பிழைப்பு. "இந்த ஊர்ல பாதிப் பேர் என் தயவுலதான் சிரிக்கிறான்" என்று முன்பெல்லாம் பீற்றிக்கொள்வார். இப்போது அந்தப் பேச்சும் இல்லை, வேறு பேச்சும் இல்லை. வேலை மட்டும் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

அவர் அழவே இல்லை. அடக்கத்தன்று ஆறுதல் சொல்லக் கையைப் பிடித்த ஒரு பெரியவரின் கீழ்ப்பல் செட் ஆடுவதைப் பார்த்து, "ஒரு நாள் வீட்டுப் பக்கம் வாங்க, சரி பண்ணித் தரேன்" என்று சொல்லிவிட்டார். பெரியவர் வாயை மூடிக்கொண்டு நகர்ந்தார். ஊர் சும்மா இருக்குமா? கட்டினவளைப் புதைத்துவிட்டுக் கடை விரிக்கிறான் பார் என்றது. அது அவர் காதிலும் விழுந்தது. விழுந்தும் எங்கும் உறைக்கவில்லை. சாப்பாட்டில் உப்பில்லாததும் உறைக்கவில்லை, வெந்நீர் சுட்டதும் உறைக்கவில்லை. ஊசி போட்டு மரத்துப்போன கன்னத்தைப் போல உடம்பு முழுக்க இருந்தது.

அந்த வீட்டு ஈஸ்டரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மூத்த மகள் பிறந்த வருஷம் பிளாஸ்டரில் ஒரு கல்லறை செய்தார். பாறைக் குகை, சின்ன வாசல், வாசலை மூட வட்டமாக ஒரு கல், கல் உருளப் பக்கத்தில் ஒரு பள்ளம். தவக்காலம் பிறந்ததும் பரணிலிருந்து அதை இறக்குவார்கள். பிள்ளைகள் பாசியும் கூழாங்கல்லும் பொறுக்கி வந்து முன்னால் தோட்டம் போடுவார்கள். பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் மெழுகில் விரல் நீளத்துக்கு ஓர் உருவம் பிடிப்பார். ஈறுக்கு வைக்கும் மெழுகுதான் கையில் இருக்கும் என்பதால் அந்த வீட்டு இயேசு எப்போதும் ரோஸ் நிறம். "நம்ம வீட்டு ஆண்டவருக்கு ரத்த ஓட்டம் ரொம்ப ஜோரு" என்பாள் மனைவி. அவள் கைக்குட்டைத் துணியில் அதைச் சுற்றி உள்ளே கிடத்துவாள். கல்லை மூடுவார்கள்.

அதற்குப் பிறகு யாரும் கல்லைத் தொடக்கூடாது. அது மனிதர் கை படுகிற விஷயமில்லை என்பது வீட்டுச் சட்டம். ஞாயிற்றுக்கிழமை விடிந்து பார்த்தால் கல் உருண்டிருக்கும், உள்ளே மடித்த துணி மட்டும் இருக்கும். முதலில் பார்க்கிற பிள்ளை "கிறிஸ்து உயிர்த்தார்!" என்று கத்த வேண்டும். மற்றவர்கள் "மெய்யாகவே உயிர்த்தார்!" என்று பதிலுக்குக் கத்த வேண்டும். விடிவதற்கு முன் பூனை மாதிரி எழுந்து போய் இதையெல்லாம் செய்து வைத்தவள் மனைவிதான். மூத்தவளுக்கு விவரம் தெரிந்த பிறகு அவளையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டாள். அம்மா உருவத்தை எடுப்பாள், மகள் கல்லைத் தள்ளுவாள். "லைட்டப் போடாத. ஜன்னல் பக்கமா ஒரு தள்ளு, அவ்ளோதான்" என்று அம்மா சொல்லிக்கொடுத்திருந்தாள். சின்னவளுக்கு ஒன்றும் தெரியாது. அவளைப் பொறுத்தவரை தேவதூதர் வருஷம் தவறாமல் தங்கள் வீட்டுக்கு வந்து கல்லைத் தள்ளிவிட்டுப் போகிறார்.

இந்த வருஷம் வேறொரு கல் வந்து குறுக்கே நின்றது.

மனைவியின் கல்லறைக்குப் போடச் சொல்லியிருந்த கல் செதுக்கி முடிந்துவிட்டது. அதைப் பார்க்க அவர், அவருடைய அக்கா, சின்னவள் மூவரும் பட்டறைக்குப் போனார்கள். அம்மா பெயரை எழுத்துக்கூட்டிப் படித்து முடித்த சின்னவள், கல்லின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். அசையவில்லை.

"இத எங்க வைப்பாங்க?"

"அம்மா மேலதான் கண்ணு" என்றாள் அக்கா.

"மேலயா? அப்ப அம்மா எப்படி வெளிய வருவாங்க? எல்லாரும் ஒரு நாள் எழுந்து வருவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க அத்தை?"

அத்தை பதில் தேடுவதற்குள் பிள்ளை பட்டறையே அதிரக் கத்தத் தொடங்கிவிட்டாள். வைக்கக்கூடாது, வைக்கவே கூடாது என்று கல்லைக் கட்டிக்கொண்டாள். அவளைப் பிரித்துத் தூக்கி வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அன்றிலிருந்து அவருக்கு ஒரு பதில் கிடைத்தது. கல் செதுக்குகிறவர் போன் செய்வார். "சார், கல்லு ரெடியாகி எவ்வளவு நாளாச்சு? இடத்த அடைச்சிட்டு கெடக்கு. எப்ப வந்து போடட்டும்?"

"சின்னவ பயப்படுறா. அவ சரின்னு சொல்லட்டும்."

அக்காவும் விடவில்லை. தம்பி வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்து தங்கிவிட்ட அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட நீளம். வீட்டில் அத்தனை வேலையையும் ஒண்டியாக இழுத்துப் போட்டுச் செய்வாள், செய்துகொண்டே திட்டுவாள். "டேய், வெறும் மண்ணாக் கெடக்குடா. போறவன் வர்றவன் எல்லாம் மிதிச்சிட்டுப் போறான். பாக்கச் சகிக்கல."

"சின்னவ பயப்படுறாக்கா."

இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே மனிதர் காலத்தை ஓட்டினார். யாருக்கும் பிடிகொடுக்கவில்லை. பிள்ளை பயப்படுகிறாள் என்றால் யார்தான் என்ன சொல்ல முடியும்?

கடைசியில் அக்காவே ஒரு வழி கண்டுபிடித்தாள். "ஈஸ்டர் வரட்டும். நம்ம வீட்டுக் கல்லு திறக்கும்ல, அப்ப அவளப் பக்கத்துல உக்கார வெச்சு, பாத்தியா, எந்தக் கல்லா இருந்தாலும் தூதர் வந்து தள்ளிடுவாருன்னு பக்குவமா சொல்லிக்கிறேன். நீ கல்லறைய மட்டும் இறக்கி வை. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அவருக்கு அதைச் செய்யவும் தோன்றவில்லை, வேண்டாமென்று சொல்லவும் தோன்றவில்லை. இறக்கி வைத்தார். வழக்கமாகக் கல்லறை மேசை போடுகிற சுவரோரம் மனைவி கடைசியாகப் படுத்திருந்த கட்டில் கிடந்தது. அதை நகர்த்தலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. மேசையை எதிர்ச்சுவர் ஓரமாகப் போட்டார்கள். சின்னவள் தோட்டம் போட்டாள். வெள்ளிக்கிழமை அவர் மெழுகைச் சுடவைத்து உருவம் பிடித்தார். கை தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது. முடிந்ததும், பல்லை வைக்க வேண்டியதுதான் பாக்கி என்பதுபோல் அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். மூத்தவள் வாங்கித் துணியைச் சுற்றினாள். அம்மா சுற்றுகிற மாதிரி வரவில்லை. இரண்டு தடவை பிரித்துச் சுற்றினாள்.

சனிக்கிழமை மூத்தவள் சமையலறையில் அவரைத் தனியாகப் பிடித்தாள். "அப்பா, காலையில யாரு?"

"நான் பாத்துக்கிறேன்."

"மறந்துட மாட்டீங்களே?"

அவள் கேட்டதில் தப்பில்லை. அந்த வாரத்தில் மட்டும் கேஸ் அடுப்பை எரியவிட்டு வெளியே போயிருந்தார், ஒரு டாக்டர் கேட்ட மேல்பல் செட்டை இன்னொரு டாக்டருக்கு அனுப்பியிருந்தார். "மறக்க மாட்டேன்" என்றார். அவள் தலையாட்டினாள். நம்பவில்லை என்பது அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்தது.

அவர் மறக்கவில்லை. விடியுமுன் எழுந்து, கூடத்தில் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுத் தூங்கும் சின்னவளையும் தன் அக்காவையும் தாண்டி, இருட்டில் மேசையைத் தடவிப் போனார். கல்லை உருட்டினார். உருவத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார், துணியை மடித்து உள்ளே வைத்தார். இத்தனை வருஷமும் இந்த இருட்டில் அவள் இப்படித்தான் நின்றிருப்பாள் என்று நினைத்துப் பார்த்தார். நினைத்தால் ஏதாவது வரும் என்று கொஞ்ச நேரம் நின்றார். ஒன்றும் வரவில்லை. போய்ப் படுத்துக்கொண்டார்.

கொஞ்சம் கழித்து மூத்தவள் எழுந்தாள். அப்பா அறையில் அசைவே இல்லை. நினைத்தது சரிதான், மறந்துவிட்டார் என்று முடிவுகட்டி, இருட்டில் போய்க் கல்லைத் தொட்டு, அம்மா சொல்லிக்கொடுத்தபடி ஜன்னல் பக்கமாக ஒரு தள்ளு தள்ளினாள். அது உருண்டு டக்கென்று நின்றது. உருவத்தை எடுக்கலாம் என்று கை நீட்டுவதற்குள் சின்னவள் புரண்டு படுத்து ஏதோ முனகினாள். மூத்தவள் ஓடிப்போய்ப் போர்வைக்குள் புகுந்துகொண்டாள். மேசை இந்த வருஷம் எதிர்ச்சுவரில் இருப்பதும், அதனால் கல் உருளும் பள்ளம் ஜன்னலுக்கு மறுபக்கம் போய், ஜன்னல் பக்கம் தள்ளினால் திறந்த கல் வாசலை மூடும் என்பதும் அந்தத் தூக்கக் கலக்கத்தில் அவள் புத்திக்கு எட்டவில்லை.

விடிந்தது. சின்னவள்தான் முதலில் ஓடினாள். பின்னாலேயே மூவரும் வந்தார்கள், கத்துவதற்குத் தயாராக.

கல் மூடியிருந்தது.

அக்காவின் வாய் திறந்தபடி நின்றது, சத்தம் வரவில்லை. அந்த வாய் அப்படி நின்று யாரும் பார்த்ததில்லை. மூத்தவள் ஜன்னலைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், அவள் முகம் வெளுத்துவிட்டது. அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். மெழுகு அங்கேதான் இருந்தது. அப்படியானால் எடுத்தது கனவில்லை. ஆனால் கல்?

"வரல" என்றாள் சின்னவள்.



"இந்தச் சின்னக் கல்லுக்கே யாரும் வரல."

அவள் அழுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் அழவில்லை.  யாரும் தொடக்கூடாத கல்லில் கையை வைத்து, தானே உருட்டினாள். குனிந்து உள்ளே பார்த்தாள். கையை விட்டுத் துழாவினாள். மடித்த துணி மட்டும் வந்தது.

"அப்பா, உள்ள ஆள் இல்ல."

மறுபடி குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது கண் இரண்டும் பெரிதாகியிருந்தன. "கல்லு மூடித்தானே இருந்துச்சு? நீங்க எல்லாரும் பாத்தீங்கல்ல? மூடியிருந்துச்சுல்ல அப்பா?"

"ஆமா. மூடித்தான் இருந்துச்சு" என்றார். பொய் சொல்லவில்லை.

"திறக்காமலே போயிட்டாரு! அத்தை, கல்லத் தொடாமலே போயிட்டாரு! கிறிஸ்து உயிர்த்தார்!"

"மெய்யாகவே உயிர்த்தார்!" என்று அக்கா கத்திய கத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. என்ன நடந்ததென்று அவளுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. புரிய வேண்டும் என்று அவள் காத்திருக்கவும் இல்லை. மூத்தவள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவர் வாயை அசைத்தார், பதில் வெளியே கேட்கவில்லை.

சின்னவள் துணியை வைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு அவரிடம் வந்தாள்.

"அப்ப கல்லு மேல இருந்தா ஒண்ணும் ஆகாது. அம்மாவுக்குக் கல்லு போட்டுடலாம்பா. போட்டாலும் அம்மா வந்துடுவாங்க."

"என் தங்கமே!" அக்கா அவளை வாரி அணைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்த கையோடு போனைத் தேடினாள். "டேய், அவளே சொல்லிட்டாடா. சர்ச்சுக்குப் போய்ட்டு வந்ததும் அந்த ஆள்கிட்ட சொல்லிடு. நாளைக்கே வந்து போடட்டும்."

"வேணாம்" என்றார்.

அக்கா திரும்பினாள். "என்ன வேணாம்?"

"கல்லு வேணாம்."

"அவதான் சரின்னுட்டாளே. இன்னும் என்ன?"

"வேணாம்க்கா."

"ஏன்டா?"

அவருக்கே தெரியாது. இத்தனை நாளும் பிள்ளைக்காகத்தான் தள்ளிப்போடுகிறோம் என்று மனதார நம்பியிருந்தார். பிள்ளை வழியை விட்டு விலகிக்கொண்டது. அந்த இடத்தில் இப்போது அவர் மட்டும் நின்றார்.

"போட்டுட்டா..." என்றார். குரல் வேறு யாருடையதோ போல வந்தது. "போட்டுட்டா அவ செத்துட்டான்னு ஆயிடும்க்கா."

சொல்லி முடித்துக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கிளம்பி வந்தது. அதை நிறுத்த அவருக்கு வழி தெரியவில்லை. மூத்தவள் ஓடிப்போய்த் தெருக்கதவைச் சாத்தினாள். "விடு, கதவத் திறந்தே வை. அழட்டும்" என்றாள் அக்கா. அவளும் அழுதுகொண்டுதான் சொன்னாள்.

சின்னவளுக்கு எதுவும் பிடிபடவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்த நேரத்தில் அப்பா ஏன் இப்படி என்று பார்த்தாள். அத்தையின் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்தை, அப்பாவுக்குத்தான் பயமா இருந்துச்சா?"

"ஆமாண்டி."

அவள் போய் அவர் பக்கத்தில் கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். "நாளைக்கு வேணாம்பா. அடுத்த வாரம் போடலாம். சரியா?"

அவர் அழுதுகொண்டே இருந்தார்.