பிள்ளை கேட்டு வந்தவர்

குருண் ஊரில் எங்கள் தாமான் குடியிருப்புக்கு வருஷா வருஷம் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் பிள்ளை கேட்டு வருவார். முதலாம் ஆண்டுக்குப் பதியும் சமயத்தில், பள்ளி முடிந்த கையோடு வெயிலில் வீடு வீடாக நடப்பார். மெலிந்த ஆள். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கும். கூப்பிடுவதற்கு முன் வாசல் கேட்டுக்கு வெளியே நின்று செருப்புகளைப் பார்ப்பார். சின்னச் செருப்பு கிடந்தால்தான் குரல் கொடுப்பார்.

போன வருஷம் எங்கள் வீட்டில் குரல் கொடுத்தார்.

"பேத்தி அடுத்த வருஷம் முதலாம் ஆண்டாம்மா?"

எனக்கு வெளியாட்களிடம் பேச வராது. கதவோரம் நின்றே சொன்னேன்: "மகன் சீனப்பள்ளியில பதிஞ்சிட்டான் சார்."

அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இதுவரைக்கும் மூணு பிள்ளைங்கதாம்மா சேந்திருக்கு. இப்படியே போனா பள்ளிக்கூடத்த மூடிருவாங்க."

"நான் சொன்னா இங்க யாரு சார் கேக்குறா?"

"எங்க வீட்டுலயும் அதே கததான்லா," என்று சிரித்தார்.

தண்ணீர் கொடுத்தேன். நின்றபடியே குடித்தார். நாலு எட்டு நடந்தவர் திரும்பி வந்தார்.

"சீனப்பள்ளி வேன் ஆறு மணிக்கே வந்துரும்மா. பாப்பாவ இப்பவே சீக்கிரம் எழுப்பிப் பழக்குங்க. இல்லாட்டி தூக்கக் கலக்கத்துல பசியாறாம போயிரும்."

கேட்டது கிடைக்காத வீட்டுக்கு அதை ஏன் திரும்பி வந்து சொன்னார் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. மகனிடம் ஒரு வார்த்தை பேசிப் பார்க்கிறேன் என்று நான் பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம். அதுகூட வாயில் வரவில்லை.