உவான் துறவுக்கு விடுப்பு எடுத்த கதை

உவான் என்றால் குண்டன் என்று அர்த்தம். பிறந்தபோது நாலேகால் கிலோ இருந்தான் என்று அவன் அப்பா எனக்குச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அந்தப் பெயரைக் காப்பாற்ற அவன் எந்த முயற்சியும் எடுக்கவில்லை. மூங்கில் கழிக்குச் சட்டை மாட்டியது போல இருப்பான். தீரயுத் என்ற நிஜப்பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

அவன் வேலை பார்த்தது தாய்லாந்தில் சிங்புரிப் பக்கம் ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவில். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். இந்தக் கதையில் வருகிறவர்கள் இன்னும் அங்கே வேலையில் இருக்கிறார்கள். அங்கே நோயாளிகள் பதிவறையைப் பார்த்துக்கொண்டிருந்து நான் ஓய்வு பெற்றவன். உவானின் அப்பா வீடும் என் வீடும் ஒரே சந்தில்.

கணினிப் பிரிவு என்று பலகை இருந்ததே தவிர, பிரிவில் இருந்தது உவான் ஒருவன்தான். குளிர் அறை ஒன்றில் இரண்டு பெரிய சர்வர்கள். அவற்றின் வயிற்றுக்குள் பன்னிரண்டு கணினிகள் தனித்தனியாக இருப்பது போல நடந்துகொண்டு வேலை செய்தன. ஒன்று நோயாளிப் பதிவு, ஒன்று மருந்தகம், ஒன்று எக்ஸ்ரே, இப்படி. பன்னிரண்டுக்கும் உவான் மீன் பெயர் வைத்திருந்தான். மருந்தகம் கெளுத்தி. "கெளுத்திக்கு இன்னைக்கு உடம்பு சரியில்ல" என்று அவன் சாப்பாட்டுக் கூடத்தில் சொன்னால், புதிதாக வந்தவர்கள் அன்றைக்கு மீன் குழம்பு வாங்க மாட்டார்கள். ஏப்ரல் வெயிலில் எல்லோரும் விசிறிக்கொண்டிருக்கும்போது அவன் கம்பளிக் குல்லாவோடு வெளியே வருவான்.

அவன் விடுப்பு எடுப்பதே இல்லை. ஒருமுறை இரண்டு நாள் கடற்கரைக்குப் போனான். அன்றைக்குப் பார்த்து எக்ஸ்ரே படுத்துக்கொண்டது. மணலில் கால் நனையாமலே திரும்பி வந்தான். வெளியூரிலிருந்து பாஸ்வேர்டு போட்டு உள்ளே வரும் வழி ஒன்று முன்பு இருந்தது. அது பாதுகாப்பில்லை என்று மேலிடத்திலிருந்து வந்து பார்த்தவர்கள் அடைக்கச் சொல்லிவிட்டார்கள். அடைத்துவிட்டான். அன்றிலிருந்து அந்த இரண்டு சர்வர்களையும் அறைக்குள் உட்கார்ந்துதான் பார்த்துக்கொள்ள முடியும்.

பல் பிரிவில் நர்சாக இருந்த ஜிப் என்ற பெண்ணும் அவனும் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தார்கள். ஜிப்பின் அம்மா புவா, பேருந்து நிலையத்துக்கு எதிரே விரால் சுட்டு விற்கிறவள். எங்கள் ஊரில் ஒருமுறையாவது பிக்குவாக இருந்து வராத ஆணை வேகாத ஆள் என்பார்கள். மற்றவர்கள் அதை விளையாட்டாகச் சொல்வார்கள். புவா சொன்னால் தொழில் தெரிந்து சொல்வது போல இருக்கும்.

"முப்பத்தாறு வயசாகுது, இன்னும் வேகாம இருக்கியேப்பா. வேகாத மீனையே நான் தட்டுல வைக்க மாட்டேன். பொண்ணை எப்படித் தருவேன்?"

"வேலை விட மாட்டேங்குதும்மா."

"டாக்டருங்களே லீவுல போறாங்க. பொட்டிக்குக் காவல் இருக்கறவனுக்கு லீவு இல்லையா? இந்த நோன்புக்கு நீ விகாரைக்குப் போகலைன்னா எனக்கு வேற இடம் தெரியும். இன்புரியில ஒரு வாத்தியார் இருக்காரு. ரெண்டு தடவை பிக்குவா இருந்துட்டு வந்தவரு."

"ரெண்டு தடவை வெந்தா கருகிப் போயிடும்மா," என்றாள் ஜிப், மீனைத் திருப்பிக்கொண்டே.

ஜிப் சிரித்தாலும், அம்மா சொன்னால் செய்கிறவள் என்பது புவாவுக்கும் உவானுக்கும் தெரியும்.

துறவு கொள்ள அரசு ஊழியருக்குச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. மூன்று மாத மழைக்கால நோன்பு முழுவதற்கும் உவான் விண்ணப்பித்தான்; கிடைத்தது. விகாரையின் தலைமை பிக்கு, உள்ளே வந்தால் போன் கூடாது, கணினி கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆகவே வேறொருவர் வெளியூரிலிருந்து சர்வர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். லோப்புரி மருத்துவமனையில் இதே வேலையில் இருந்த மேம் என்ற பெண் ஒப்புக்கொண்டாள். உவானைவிடப் பத்து வயது மூத்தவள், அவனை எப்போதும் சீண்டுகிறவள்.

பாஸ்வேர்டுக்குப் பதிலாகச் சான்றிதழ் வைத்து ஒரு புது வழி போட உவான் தீர்மானித்தான். மேம் லோப்புரியிலிருந்து தட்டினால், சர்வர் தன் சான்றிதழை அவள் கணினிக்குக் காட்டும். அவள் கணினி தன்னுடையதைச் சர்வருக்குக் காட்டும். இரண்டிலும் கையெழுத்து வைக்கும் ரகசியச் சாவி ஒரு பென் டிரைவில், அதே அறையின் பூட்டிய இழுப்பறையில். பெயர் பொருந்தவில்லை என்றால் கதவு திறக்காது. நாள் தொடங்கவில்லை என்றாலும் திறக்காது, முடிந்துவிட்டாலும் திறக்காது. உவான் ஒழுங்கானவன். விடுப்பு தொடங்கும் நாளில் சான்றிதழ் தொடங்கி, விடுப்பு முடியும் நாளில் முடிய வேண்டும் என்று, விடுப்பு ஆணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு தேதிகளையும் எழுதினான்.

ஒரு வாரம் முன்னால் மேம் முயன்று பார்த்தாள். 'சான்றிதழ் இன்னும் தொடங்கவில்லை' என்று வந்தது. உவானுக்கு ஒரே பெருமை. "பாத்தீங்களாக்கா, எவ்வளவு கறாரா இருக்குன்னு? அன்னைக்கு வந்து தட்டுங்க, தானா திறக்கும்."

விடுப்பின் முதல் நாள் காலை அவன் வீட்டு முற்றத்தில் முடி களைந்தார்கள். அப்பா ஒரு கற்றை, அம்மா ஒரு கற்றை, புவா ஒரு கற்றை, நானும் ஒரு கற்றை வெட்டினோம். புவா மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வெட்டினாள். பிறகு ஒரு பிக்கு வந்து மீதியை மழித்து, புருவங்களையும் மழித்துவிட்டார். வெள்ளை ஆடை உடுத்தினார்கள். மறுநாள் காலை துறவு கொள்ளும்வரை அவனுக்கு நாகன் என்று பெயர். நாகன் வெளியே போகக் கூடாது. அந்த ஒரு நாளில்தான் எல்லா ஆபத்தும் அவனைத் தேடி வரும் என்பார்கள்.

உச்சிப் பொழுதில் ஜிப்பிடம் இருந்த அவன் போனில் மேம் கூப்பிட்டாள்.

"என்னக்கா, உள்ள போயிட்டீங்களா?"

"எங்க போறது? இன்னும் தொடங்கலைங்குது. போன வாரம் சொன்ன அதே வாக்கியம்."

"இன்னைக்குத் தொடங்கணுமே."

"தலை மழிச்சாச்சா?"

"ஆச்சு."

"அப்ப உன் பக்கம் தொடங்கிடுச்சு. என் பக்கம்தான் தொடங்கலை."

உவான் சிரிக்கவில்லை. உள்ளே வர வேறு வழி இல்லை. நாளைக் காலை காவி உடுத்திவிட்டால் அவன் அதைத் தொட முடியாது. சரியாகாமல் மருத்துவமனையை விட்டுப் போகவும் அவனால் முடியாது. ஆக, துறவைத்தான் தள்ளிப்போட வேண்டும். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவன் புவாவைப் பார்த்தான். அவள் ஏற்கனவே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வாத்தியாரு போன் நம்பர் எங்கிட்ட இருக்கு," என்றாள்.

"அம்மா, அரை மணி நேரம். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துடறேன்."

"நாகன் வாசப்படி தாண்டக் கூடாது."

"நீங்களும் கூட வாங்க. ஆபத்து வந்தா உங்களைப் பாத்துட்டுப் போயிடும்."

முற்றத்தில் தயாராக நின்ற வண்டி ஒன்றே ஒன்று. மறுநாள் ஊர்வலத்துக்குக் கொண்டுவந்த மேளக்காரர்களின் லாரி. நாகனை லாரியில் ஏற்றினார்கள். குடை பிடிக்கும் பொறுப்பு என்னுடையது, நானும் ஏறினேன். மேளக்காரர்களிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வண்டி கிளம்பியதும் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். புறநோயாளிகள் வாசலில் நாங்கள் போய் இறங்கியபோது, சீட்டு வாங்க வரிசையில் இருந்த கிழவி ஒருத்தி நாகனைக் கும்பிட்டு, "டாக்டரா?" என்று என்னைக் கேட்டாள்.

சர்வர் அறைக் கதவில் முகம் பார்க்கும் கேமரா இருக்கிறது. உவான் அதன் எதிரே நின்றான். சிவப்பு விளக்கு. சற்று நிமிர்ந்து நின்றான். சிவப்பு. சிரித்துப் பார்த்தான். சிவப்பு.

காவலாளி சம்ரான் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். "தம்பி, அது புருவத்தைத் தேடுது."

"அண்ணே, உங்ககிட்ட தீ விபத்துச் சாவி இருக்குல்ல, திறந்து விடுங்க."

"தெரியாத ஆளுக்குத் திறக்கக் கூடாது."

"நான் உவான்ணே. தினம் உங்ககிட்ட பேசுறேன்."

"எனக்குத் தெரியுது. கேமராவுக்குத் தெரியலையே. நாளைக்கு யாராவது கேட்டா? இங்க வேலை செய்யற யாராவது ஒருத்தர் இவர்தான்னு சொல்லட்டும்."

எல்லோரும் ஜிப்பைப் பார்த்தார்கள். அவள் நாகனைச் சுற்றி வந்து பொறுமையாகப் பார்த்தாள். "என் ஆளுக்குப் புருவம் இருந்துச்சே," என்றாள். உவானின் முகம் போன போக்கைப் பார்த்து, "இவர்தான் அண்ணே. இப்படி முழிக்கறவர் இந்த ஜில்லாவுலயே ஒருத்தர்தான்," என்றாள். சம்ரான் திறந்தார்.

உள்ளே மழித்த தலையில் குளிர் ஏறியது. ஜிப் ஆணியிலிருந்து குல்லாவை எடுத்து அவன் தலையில் மாட்டினாள். வெள்ளை ஆடையும் கம்பளிக் குல்லாவுமாக உட்கார்ந்து, போனில் மேம் கேட்க, தான் எழுதிய தேதியை உவான் வாசித்தான்.

"தொடக்கம், ஜூலை பதினெட்டு, ரெண்டாயிரத்து ஐநூத்தி அறுபத்தேழு."

"சரியாத்தானே இருக்கு," என்றாள் மேம்.

சம்ரான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். "சரிதான்."

புவாவும் எட்டிப் பார்த்தாள். "சரியாத்தான் இருக்கு. பொட்டிதான் பொய் சொல்லுது."

நானும் பார்த்தேன். ஒரு தவறும் தெரியவில்லை. உவான் பெயர்களைச் சரிபார்த்தான், கையெழுத்தைச் சரிபார்த்தான், மறுபடியும் தேதியை வாசித்தான். எத்தனை முறை வாசித்தாலும் அது அன்றைய தேதியாகவே இருந்தது.

"இரு, அந்தச் சான்றிதழை என் போன்ல திறந்து பாக்கறேன்," என்றாள் மேம். பிறகு கூப்பிட்டாள். "உவான்."

"சொல்லுங்கக்கா."

"என் போன் தாய்லாந்து மொழியில இருக்கு. இதுல தொடக்கம் மூவாயிரத்து நூத்திப் பத்துன்னு காட்டுது."

உவான் குல்லாவை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

நாங்கள் ஆண்டை எண்ணுவது புத்தர் பரிநிர்வாணம் அடைந்ததிலிருந்து. கணினியின் வயிற்றுக்குள் ஓடுவது வெளிநாட்டு ஆண்டு. அதில் அது இரண்டாயிரத்து இருபத்து நான்கு. எங்கள் கண்ணுக்குக் காட்டும்போது மட்டும் போன் ஐநூற்று நாற்பத்து மூன்றைக் கூட்டிக் காட்டும். உவான் விடுப்பு ஆணையில் இருந்த எங்கள் ஆண்டை அப்படியே எழுதிவிட்டான். சர்வர் அதை நம்பி, இன்னும் ஐந்து நூற்றாண்டுக்கு மேல் காத்திருப்பதாக முடிவு செய்திருந்தது. மேமின் போன் அதன் மேலும் ஒருமுறை கூட்டியது.

"மூவாயிரத்து நூத்திப் பத்தா?" என்றாள் புவா. "என் பொண்ணைக் கட்டிக்கறேன்னு சொன்னதும் இந்தக் கணக்குலதானா?"

"அம்மா, இப்ப மாத்திடுவேன்."

"அவசரமில்லப்பா. இன்னும் காலம் கிடக்குது."

அவன் இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்தான். புதுத் தேதியில் இரண்டு சான்றிதழ்களுக்கும் கையெழுத்து வைத்தான். ஆண்டை எழுதும்போது ஒவ்வொரு எண்ணையும் சத்தமாகச் சொன்னான். சம்ரானும் பின்னால் நின்று கூடவே சொன்னார். மேமுடையதை அவளுக்கு அனுப்பினான். சேவையை நிறுத்தித் திரும்ப ஓடவிட்டான்.

"தட்டறேன்," என்றாள் மேம். பிறகு, "உள்ள வந்துட்டேன். எல்லா மீனும் தெரியுது. இந்தக் கெளுத்தி மட்டும் ஏன் மூச்சுவிடாம கிடக்கு?"

உவானின் கை தானாக விசைப்பலகைக்குப் போனது. ஜிப் அவன் மணிக்கட்டைப் பிடித்து மடியில் வைத்தாள்.

"அக்கா பாத்துக்குவாங்க."

"ஒரே ஒரு தட்டு—"

"கையை எடுக்காத. நாளையிலேருந்து நீ பிக்கு, இந்தக் கையை நான் தொடவும் முடியாது," என்றாள் ஜிப்.

அவன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அந்த இரண்டு மூன்று நிமிடம் அவன் பட்ட பாட்டை நோன்பு முழுவதும் பட்டிருக்க மாட்டான் என்பது என் கணிப்பு. மேம் லோப்புரியில் இருந்தபடியே கெளுத்தியை எழுப்பினாள். கீழே மருந்தகத்தில் நின்றுபோயிருந்த சீட்டு அச்சு கரகரவென்று ஓடுவது படிக்கட்டுவரை கேட்டது.

"போ, போய் பிக்குவாகு," என்றாள் மேம். "சாவியைக் கொண்டுபோய் டைரக்டர் பீரோவுல வை. எதுக்கும் என்னைக் கூப்பிடாத."

மறுநாள் காலை விகாரையைச் சுற்றி மூன்று முறை வந்தோம். சன்னிதிக்குள் பிக்குகள் அவனை நிறுத்தி, விதிப்படி கேட்டார்கள். இன்ன நோய் உண்டா, நீ மனிதன்தானா, ஆண்தானா, சுதந்திரமானவன்தானா, பெற்றோர் அனுமதி உண்டா, பெயர் என்ன. ஒவ்வொன்றுக்கும் அவன் பாலி மொழியில் தடுமாறாமல் பதில் சொன்னான். காவி உடுத்தி வெளியே வந்து மேடையில் அமர்ந்தான். உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய்த் தரையில் நெற்றி பட வணங்கினார்கள்.

புவாவின் முறை வந்தது. மண்டியிட்டாள். மூன்று முறை குனிந்து வணங்கினாள். எழுவதற்கு முன் தலையை மட்டும் தூக்கி, அவனுக்கும் பக்கத்தில் இருந்த எனக்கும் மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"நோன்பு முடியற வரைக்கும் கும்பிடுறேன் சாமி. அப்புறம் கடைக்கு வாங்க, மீன் கழுவற வேலை நிறைய இருக்கு."

பிக்கு ஆனவர் கேலிக்குப் பதில் கேலி பேசக் கூடாது. புருவம் இருந்த இடம் மட்டும் கொஞ்சம் மேலே போயிற்று.