புறங்கையால் தொடுகிறவர்

றைஸ் குக்கரைத் தொட்ட மனைவிக்குக் கரண்ட் அடித்ததால், பாரிஸில் எங்கட ஆக்களின் கடைத்தெருவான லா சப்பலில் விசாரித்து ஒரு எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டேன். நரைத்த, மெலிந்த, எங்கட ஆள். குழாயோ கதவுப்பிடியோ, எதையும் முதலில் புறங்கையால்தான் தொட்டுப் பார்ப்பார்; கரண்ட் இருந்தால் கை பற்றிக்கொள்ளாமல் விலகிவிடுமாம்.

குசினிச் சுவரில் றைஸ் குக்கர் செருகியிருந்த சொக்கற்றைக் கழற்றினார். இங்கத்தைய சொக்கற்றுகளில் இருப்பதுபோல முன்னால் ஏர்த் முள்ளு நீட்டிக்கொண்டிருந்தது. பின்னால் அந்த முள்ளுக்கு வயரே இல்லை.

"எந்த விசரன் அண்ணை இதைப் பூட்டினவன்?"

"நான்தான் தம்பி. வாடகை விளம்பரப் படத்தில முள்ளுத் தெரிஞ்சால் போதும் எண்டு வீட்டுக்காரன் சொன்னவன்."

"ஆக்கள் இருக்கப்போற வீடெல்லே?"

"எங்கட ஆக்கள்தானே, ஒண்டும் கேக்க மாட்டினம் எண்டு நினைச்சன்."

அவர் பொய் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அன்றே ஏர்த் வயர் இழுத்துத் தந்தார். இறங்கும்போது மாடிப்படியின் இரும்புக் கைப்பிடியையும் புறங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். இந்தக் கட்டடத்தின் ஆறு மாடிக்கும் சொக்கற் பூட்டியவர் அவர்தான்.