தலைமாட்டில் நின்று பிரஷர் பார்க்கும் பிழைப்பு

மயக்க மருந்து வைத்தியர் ஒழுங்காக வேலை செய்தால் அங்கே ஒன்றுமே நடக்காது. ஒன்றும் நடக்காததற்கு யார்தான் நன்றி சொல்வார்கள்? இலங்கையில் பலாங்கொடைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில், சிசேரியன் மேசையின் தலைமாட்டில் நின்றே என் காலம் போகிறது. முதுகில் ஊசி போட்டதும் தாய்க்கு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும். கூடவே பிரஷரும் இறங்கப் பார்க்கும். இறங்கினால் அவளுக்குத் தலை சுற்றும், வயிற்றுப் பிள்ளைக்கு இரத்தம் குறையும். அதை இறங்கவிடாமல் பிடித்து வைப்பதுதான் நம் பிழைப்பு. என்னைப் போல் தலைமாட்டில் மாட்டிக்கொண்டவர்களே, இதைப் படித்தாவது மனம் ஆறுங்கள்.

சரிந்த மேசை

மல்லாந்து படுத்தால் பிள்ளையின் பாரம் பெரிய இரத்தக் குழாயை அமுக்கும். அதனால் வலது இடுப்புக்குக் கீழே துணியை மடித்து வைத்து, மேசையை இடப்பக்கம் சரிப்பேன். எங்கள் சத்திரசிகிச்சை டொக்டருக்கு இது பிடிக்காது. நான் சரிக்க, அவர் நிமிர்த்தச் சொல்ல, மாமியார் மருமகள் சண்டை மாதிரி தினமும் நடக்கும்.

ஒருநாள் மேசையில் படுத்திருந்தவர் ஓப்பநாயக்கப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். இந்தச் சண்டையில் பயந்துவிட்டாரோ என்று, "விழுந்துடுவோம்னு பயமா இருக்குதாம்மா?" என்று கேட்டேன். அவர் சத்திரசிகிச்சை டொக்டரை ஒரு பார்வை பார்த்தார். டொக்டருக்குத் தமிழ் விளங்காதது என் அதிர்ஷ்டம்.

"நாங்க இதவிட சரிவுல நின்னுதாங்க கொழுந்து பறிக்கிறோம். படுத்திருக்கிற எனக்கு ஒன்னுமில்ல, நிக்கிற அவருக்குத்தான் பயமாட்டம் இருக்கு."

காலில் கட்டு

இரத்தம் காலில் தேங்காமல் இருக்க, ஊசிக்கு முன்பே பாதத்திலிருந்து தொடைவரை இறுக்கமாகத் துணிக் கட்டு சுற்றுவோம். சுற்றுவது தியேட்டர் உதவியாளர் சுமனா அக்கா. சிங்களப் பெண்தான், ஆனால் தமிழில் வாயாடுவதில் நம்மை மிஞ்சுவார். கொடகவெலயிலிருந்து வந்த ஒரு தாய் தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மலையில் அட்டை ஏறாமல் இருக்க இப்படித்தானே சுற்றுவார்கள்? "இங்கயும் அட்டை இருக்கா அக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். சுமனா அக்கா சிரித்த சிரிப்பில் கட்டு அவிழ்ந்து, மறுபடி முதலிலிருந்து சுற்ற வேண்டியதாயிற்று.

நான் குறுக்கே புகுந்து, இரத்தம் கீழே போய்விடாமல் இருக்கத்தான் கட்டு என்று விளக்கினேன். அந்தத் தாய் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"காலையிலருந்து ஆளாளுக்கு வந்து ஊசியால ரத்தம் எடுத்துட்டுப் போனாங்களே, அப்ப கட்டு கையிலதானே போட்டிருக்கணும்?"

சொகமா இருக்கேங்க

மெஷின் இலக்கம் காட்டுவதற்கு முன்பே தாயின் வாய் சொல்லிவிடும்: தலை சுற்றுது, குமட்டுது என்று. அதனால் நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். ஆனால் தோட்டத்தில் துரை கேட்டாலும் கணக்கப்பிள்ளை கேட்டாலும் நம் பெண்களிடம் ஒரே பதில்தான் தயாராக இருக்கும்.

புஷ்பத்துக்கு இது இரண்டாவது பிரசவம். முதல் பிள்ளை தங்கவில்லை. ஊசி போட்டாயிற்று, பிரஷரைத் தாங்கும் மருந்தும் ஏறிக்கொண்டிருந்தது. "எப்படிம்மா இருக்கு?" என்றேன். "சொகமா இருக்கேங்க." ஒரு கொட்டாவி விட்டாள். மறுபடி கேட்டேன். அதே பதில், குரல் மட்டும் கிணற்றுக்குள் போயிருந்தது. உதடு வெளுத்திருந்தது. மெஷின் இன்னும் அளந்துகொண்டிருந்தது. நான் காத்திருக்கவில்லை. மருந்தைக் கூட்டினேன், மேசையை இன்னும் சரித்தேன். கடைசியில் இலக்கம் வந்தது. மிகவும் கீழே இருந்தது. மெல்ல மெல்ல ஏறியது. உதட்டில் நிறம் வந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு பெண்பிள்ளை வீரிட்டு அழுதது. சத்திரசிகிச்சை டொக்டர் அன்று மேசையை நிமிர்த்தச் சொல்லவில்லை.

பயம் போனதும் எனக்குக் கோபம் வந்தது. "தலை சுத்துதுன்னு ஏம்மா சொல்லல?" என்று கடிந்துகொண்டேன். பிள்ளையின் கன்னத்தோடு தன் கன்னத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"முடியலன்னு சொன்னா ரத்னபுரி பெரியாஸ்பத்திரிக்கு ஏத்திவிட்டுருவீங்கன்னு பயந்துட்டேங்க. மொதப் புள்ள அப்படிப் போற வழியிலதாங்க போயிருச்சு."

இப்போதெல்லாம்

இப்போது ஊசிக்கு முன்பே எல்லாத் தாய்மாருக்கும் சொல்லிவிடுகிறேன்: "ஒடம்புக்கு என்ன செஞ்சாலும் சொல்லுங்க, மருந்து இங்கேயே இருக்கு, எங்கயும் அனுப்ப மாட்டோம்." பலன், மேசை குளிருது, லைட் கண்ணைக் கூசுது, மூக்கு அரிக்குது என்று முறைப்பாடு மழைதான். போன கிழமை ஒரு தாய் என்னை அருகே கூப்பிட்டார். பிரஷர்தான் இறங்குகிறது என்று பதறிக் குனிந்தேன்.

"சொல்லச் சொன்னீங்களேன்னு சொல்றேங்க, நீங்க தின்ன வெங்காய வாடைதான் தாங்க முடியல."

இறங்கிய பிரஷரை ஏற்ற மருந்து எப்போதும் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது, "முடியல" என்ற ஒரு சொல்லை நம் பெண்களின் வாயிலிருந்து வரவைக்கத்தான் இத்தனை பாடு.