தள்ளாமல் ஏறிய வண்டி

எங்கள் அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் வந்து கூடியிருக்கும் உறவினர்களையும் நண்பர்களையும் தம்பியாகிய நான் வணங்குகிறேன். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன் பேனா பிடித்தால் எழுத்திலும் பேச்சுத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா படப்பையில் பிறந்தவர். அப்பாவுக்கு அங்கே காய்கறிக் கடை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் சோதனைப் பிரிவில் சேர்ந்தார். செய்து வந்த பாகத்தை இழுத்தும் முறுக்கியும் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கிற வேலை. பெண் பார்க்க வந்த மாமா என்ன வேலை என்று கேட்டதற்கு, “உடைக்கிற வேலைங்க” என்றாராம். மாமா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

மாமா பெயின்டர். திருமணமாகி முடிச்சூரில் குடியேறிய சில வருடங்களில் சாரம் சரிந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஆனால் கண் போகவில்லை. எந்தச் சுவரைப் பார்த்தாலும் எந்தக் கலரில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அது தெரிந்த பெருங்களத்தூர் பெயின்ட் கடைக்காரர், கலர் கலக்கும் மெஷினில் உட்கார அவரைக் கூப்பிட்டார். அன்றைக்கு அக்கா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

சிக்கல் வாசலில் இருந்தது. எங்கள் பக்கத்துத் தெருக்கள் உங்களுக்குத் தெரியும். ரோடு போடப் போட ரோடு உயரும், வீடு பள்ளமாகும். கேட்டிலிருந்து ரோட்டுக்கு ஏற, செங்குத்தாக ஒரு சிமென்ட் சாய்வு. அக்காவின் கம்பெனி பஸ் விடியும்போதே வந்துவிடும். மாமா கிளம்பும் நேரத்தில் வீட்டில் யாரும் கிடையாது. அவர் தானாக அந்தச் சாய்வில் ஏறினால் உண்டு. இல்லையென்றால் இரண்டு வேலையில் ஒன்றை விட வேண்டும்.

கையால் பெடல் சுற்றும் மூன்று சக்கர வண்டி ஒன்று இருந்தது. அதில் யாரோ கழற்றிப் போட்ட எலெக்ட்ரிக் சைக்கிள் மோட்டாரை அக்கா பொருத்தினார். ஞாயிற்றுக்கிழமை தெருவே வேடிக்கை பார்க்க வண்டி ஜம்மென்று ஏறியது. மாமா மெயின் ரோடு வரை போய்த் திரும்பினார்.

மறுநாள் காலை எனக்கு போன் வந்தது. ஸ்டாண்டிலிருந்து ஓடினேன். வண்டி பாதிச் சாய்வில் நின்று, உறுமி, பின்னால் உருண்டு கேட்டில் இடித்து நின்றிருந்தது. கருகிய வாசனை. மாமா சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்து உட்கார்ந்திருந்தார். “நேத்து ஏறிச்சேடா” என்றார். அவ்வளவுதான். அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

சாயங்காலம் அக்கா வந்து சாய்வையே பார்த்தபடி நின்றார். பிறகு ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டு, நேற்று எங்கே நின்றீர்கள் என்று கேட்டார். எதிரே இஸ்திரி போடும் அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். “சும்மா லேசா கை வெச்சேன்க்கா.” பக்கத்து வீட்டு டீச்சரும் வைத்திருக்கிறார். விசாரித்தால் பாதித் தெரு வைத்திருக்கிறது. எங்கள் தெருப் பழக்கம் அது. சாய்வில் ஸ்கூட்டர் திணறினாலும் சிலிண்டர் வண்டி திணறினாலும், போகிறவர் கை தானாகப் பின்னால் போகும். வைத்தவருக்கே நினைவிருக்காது. அன்று காலையில் மட்டும் வண்டிக்குப் பின்னால் யாரும் இல்லை.

“இன்னாக்கா, ஒரு தள்ளு தள்ளுனா ஏறப்போவுது. இதுக்கு வேற மோட்டாரா?” என்றார் இஸ்திரி அண்ணன்.

“நீங்க ஊருக்குப் போற அன்னிக்கு அவர் லீவு போடணுமாண்ணே?” என்றார் அக்கா.

அடுத்த வாரம் பழைய பேப்பர்காரரிடம் கொக்கித் தராசை இரவல் வாங்கினார். மாமாவை வண்டியில் உட்காரவைத்து, முன்னால் தராசை மாட்டி, அதைப் பிடித்து என்னை இழுக்கச் சொன்னார். சமமான ரோட்டில் முள் மூன்று, நான்கு கிலோவில் ஆடியது. சாய்வின் நடுவில் நின்ற இடத்திலிருந்து இழுத்தால் இருபதைத் தாண்டியது. ஆள் நிரம்பிய ஆட்டோவை மேட்டில் நிறுத்தி எடுக்கிற எனக்கு அது உடனே புரிந்தது. ஓடுகிற வண்டிக்குக் கொஞ்சம் போதும். நிற்கிற வண்டியைக் கிளப்பத்தான் உயிர் போகும்.

மோட்டார் கடைக்காரர் எவ்வளவு ஸ்பீடு வேண்டும் என்று கேட்டார். “ஸ்பீடு வேணாம்ணா. மேட்டுல நின்ன எடத்துலேர்ந்து கெளம்பணும்” என்று சொல்லி, தராசில் வந்த கணக்கையும் சக்கரத்தின் அளவையும் அக்கா சொன்னார். பெரிய மோட்டார் வந்தது. பின்னால் பெரிய பல்சக்கரமும் மாட்டினார், வேகம் குறைந்தாலும் இழுவை கூடட்டும் என்று. “உங்கக்கா மோட்டாருக்கு ஜாதகம் பாக்குறாடா” என்றார் மாமா.

வண்டி தயாரானதும் அக்கா தெருவிடம் ஒன்றுதான் கேட்டுக்கொண்டார்.

“யாரும் கை வெக்காதீங்க. ஏறலன்னா அது எனக்கு இன்னிக்கே தெரியணும்.”

இஸ்திரி அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். டீச்சர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். மாமா பாதிச் சாய்வில் பிரேக் பிடித்து நின்றார். பிரேக்கை விட்டார். வண்டி ஒரு விரற்கடை பின்னால் வந்தது. பிறகு முனகிக்கொண்டே மேலே போனது. எல்லோரும் கை தட்டினார்கள். அக்கா தட்டவில்லை. “இன்னொரு வாட்டி நிறுத்தி எடுங்க” என்றார்.

அதன் பிறகு இருவரும் இரண்டு வேலைக்கும் போனார்கள். ரோடு உயர்ந்தபோதெல்லாம் அக்கா சாய்வை மறுபடி அளந்து, வண்டியைச் சரிசெய்தார். போன வருடம் நோய் முற்றிப் படுத்திருந்தபோதும், மாமா லீவு போடுகிறேன் என்றால் விடமாட்டார். ஜன்னல் பக்கம் கட்டிலைப் போடச் சொல்லி, அவர் மேலே ஏறும் சத்தம் கேட்ட பிறகுதான் கஞ்சி குடிப்பார். ஒரு நாள் காலை மாமா ஏறிய பிறகு கண்ணை மூடிய அக்கா, மறுபடி திறக்கவில்லை.

துக்கத்தில் தோள் கொடுத்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று வண்டியைத் தள்ளாமல் கையை இழுத்துக்கொண்டவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. இந்த ஒரு வருடமாகக் காலையில் மாமா கிளம்பும்போது நான் கேட்டருகில் நிற்கிறேன். வண்டி அந்த ஒரு விரற்கடை பின்னால் வரும்போது, சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.