எர்த்துக்காரர் சட்டைப் பையில் ஒரு போல்ட்

டிரெய்லர்களுக்கு லைட் வேலை பார்க்கும் அவரை எல்லோரும் எர்த்துக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். எந்த வண்டி வந்தாலும் பல்பைத் தொடமாட்டார், பியூஸைத் திறக்கமாட்டார். "மொதல்ல எர்த்த பாரு" என்பார். வீட்டில் மிக்சி நின்றாலும் அதையேதான் சொல்வார் என்று மனைவி ஊரெல்லாம் கேலி செய்வாள். ஆனால் அவர் சொல்வது முக்கால்வாசி நேரம் சரியாகவே இருக்கும். விளக்குக்குப் போன கரண்ட் திரும்பி வர வழி வேண்டும். அந்த வழிதான் எர்த் ஒயர். அது துருவேறினால், பிரேக்கை மிதிக்க இண்டிகேட்டர் மங்கலாக எரியும்.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. இழுக்கும் வண்டியோடு மாட்டிய டிரெய்லரை அவர் சோதிக்கவே மாட்டார். கழற்றித் தள்ளி நிறுத்தி, பிளக்கை மட்டும் செருகிப் பார்ப்பார். மாட்டியிருந்தால் கொக்கியின் இரும்புக் குண்டு வழியாகவே கரண்ட் திரும்பிவிடும். எர்த் ஒயரே இல்லாவிட்டாலும் நிற்கும்போது விளக்கு எரியும், ஓடும்போது குலுங்கினால் அணையும். "குண்டு பொய் சொல்லும்" என்பார். அவசரப்படுத்தும் டிரைவர்களைக் கண்டால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அன்று சாயங்காலம் பட்டறைக்கு வந்தது மச்சினனின் டிரெய்லர். எர்த்துக்காரரின் மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்திருந்தது. கட்டில், பீரோ, துணி மூட்டை எல்லாம் ஏற்றியதில் அவள் ஸ்கூட்டருக்கு இடமில்லாமல் போயிற்று.

"நான் ஸ்கூட்டர்லயே பின்னாடி வந்துடறேன்பா. வழி தெரியாது, மாமா வண்டி செவப்பு லைட்ட பாத்துக்கிட்டே போயிடுவேன்" என்றாள் மகள்.

லைட் போட்டால் ஒன்றுக்கு மற்றொன்று எரிந்தது. அவர் அடியில் படுத்துப் பார்த்தார். நினைத்தபடியே எர்த் போல்ட் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஒயரின் மக்கிய முனையை வெட்டிவிட்டு, புது போல்ட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு துருவைத் தேய்க்க உப்புத்தாள் எடுக்க உள்ளே போனார். அங்கே மனைவி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"என்ன கடலா தாண்டிப் போறா?" என்று அதட்டினார். அதட்டிக்கொண்டே தன் துண்டால் அவள் கண்ணைத் துடைத்தார்.

திரும்பி வந்தபோது மச்சினன் டிரெய்லரை மாட்டித் தயாராக நின்றான். "மழை வரும் போல இருக்கு மச்சான். சட்டுனு டெஸ்ட் பண்ணுங்க."

எல்லா விளக்கும் பளிச்சென்று எரிந்தன. அவருக்கு என்னவோ நெருடியது. "ஒரு தடவ கழட்டிப் பாத்துடலாம் மாப்ள."

"அதான் எரியுதே, இன்னும் என்னத்த கழட்டறது? இருட்டிடும்."

மகள் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவர் விட்டுவிட்டார்.

அவர்கள் போனபின் கீழே கிடந்த திருப்புளியை எடுக்கக் குனிந்தார். நெஞ்சில் ஏதோ குத்தியது. புது போல்ட்.

மச்சினனுக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. மகளுக்குப் போட்டார், விடாமல் போட்டார். பிறகு பைக்கை உதைத்தார். தூறல் பெருமழையானது. பாலத்துக்கு அந்தப் பக்கம் ரோடு குண்டும் குழியுமாகக் கிடப்பது அவருக்குத் தெரியும். முன்னால் தெரிந்த ஒவ்வொரு சிவப்பு விளக்கையும் துரத்திப்போய் ஏமாந்தார்.

பாலம் தாண்டி டிரெய்லர் நின்றது. பின்விளக்கு இரண்டும் ஜோராக எரிந்தன. ஒரு கணம் உயிர் வந்தது அவருக்கு. அப்புறம்தான் அதன் அடியில் ஸ்கூட்டரைப் பார்த்தார்.

மகள் ரோட்டோரம் கிடந்தாள். ஒரு கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. யாரோ குடை பிடித்தார்கள்.

"லைட்டு எரியுதே, பாருங்க மச்சான்! குழிக்காக ஸ்லோ பண்ணேன், இவ எங்கயோ பாத்துட்டு வந்து இடிச்சுட்டா" என்று மச்சினன் அழுதான்.

"போன நோண்டிட்டு வந்திருக்கும்" என்றார் குடைக்காரர். அவர் கையிலிருந்த மகளின் போனில் எடுக்காத கால்கள் வரிசையாக 'அப்பா' என்று இருந்தன.

"லைட்டே இல்லப்பா. சத்தியமா இல்ல" என்றாள் மகள்.

எர்த்துக்காரர் டிரெய்லரின் பின்பலகையில் ஏறி ஓங்கிக் குதித்தார். விளக்குகள் அணைந்தன, எரிந்தன, மறுபடி அணைந்தன.

"அவ சொல்றதுதான் நெசம்" என்று பையிலிருந்த போல்ட்டை எடுத்துக் காட்டினார். "நான்தான் இத மாட்டல."

இறங்கிப்போய் மகள் பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்தார். அவள் அந்த போல்ட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு, சின்ன வயதில் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு ஓடிவந்து சொல்லும் அதே குரலில், "வலிக்குதுப்பா" என்றாள்.